பாய்லர் மருந்தும் ஊதாத் துண்டும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அனுபவம் எழுதுவதென்றால் தலை கொஞ்சமாவது நரைத்திருக்க வேண்டும், மடியில் ஒரு பேரப்பிள்ளை இருக்க வேண்டும். எனக்குத் தலை நரைக்கவில்லை. மடியில் இருப்பது நானே பெற்றது, இரண்டாவது. மூத்தவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். இருந்தாலும் போடியில் நான் வேலை பார்த்த பாய்லர் பட்டறையில் என்னை 'ரிட்டயர்டு அக்கா' என்றுதான் சொல்கிறார்களாம். பிள்ளைகளுக்காக வேலையை விட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது பாய்லரில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்திவிடுகிறார்களாம். மலையில் எந்த எஸ்டேட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு சூடு என்பதை போடியில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்துவிடலாமாம்.

"இனிமே சும்மா சும்மா மலை ஏற வேண்டாங்க்கா. தண்ணி கொறைஞ்சா போனு கத்தும்" என்றாள் ஒருத்தி.

"தண்ணி கொறையாமயே பாய்லர் அரிச்சுப்போனா, போனு என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் நடக்குமா என்றார்கள். நடந்தது என்றேன். அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சின்னவள் தூங்கும்போதெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்காவது தொடர்ச்சி விட்டுப்போனால் அது அவள் விழித்துக்கொண்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லர் என்றதும் பெரிய ஆலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். போடிமெட்டைத் தாண்டினால் மலைச்சரிவெல்லாம் ஏலக்காய். பறித்த காயை உடனே உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காய்க்கு மதிப்பில்லை. உலர்த்துகிற கட்டடத்தை எல்லோரும் 'ஸ்டோர்' என்பார்கள். ஸ்டோருக்கு வெளியே, ஒரு தகரக் கூரைக்கு அடியில் எங்கள் பாய்லர் நிற்கும். நடுவில் விறகு எரியும் அடுப்பு, அதைச் சுற்றி இரட்டைச் சுவர்போல இரும்புத் தகடு, சுவருக்குள் தண்ணீர். சூடான தண்ணீரை ஒரு பம்பு ஸ்டோருக்குள் தள்ளும். அங்கே அது குழாய்களில் சுற்றிவர, காற்றாடி அந்தச் சூட்டைக் காய்மேல் வீசும். ஆறிய தண்ணீர் திரும்பி வந்து மறுபடி சூடாகும். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இந்த 'அதே' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கதையே அதில்தான் இருக்கிறது.

நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. வகுப்பில் பெண்கள் குறைவு. பட்டறையில் சேர்ந்தபோது பெண் நான் ஒருத்திதான். என்னை எதற்காக எடுத்தார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மதிப்பெண்ணுக்காக என்றுதான் நம்பியிருந்தேன். பட்டறைக்காரர் கருப்பையா அண்ணன் ஒருநாள் போனில் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது உண்மை தெரிந்தது.

"நம்மகிட்ட ஒரு இன்ஜினியர் பிள்ளை இருக்குண்ணே. வத்தலு மாதிரி இருக்கும். அடுப்பு வாய்க்குள்ள அப்பிடியே நொழைஞ்சிரும்!"

கருப்பையா அண்ணனைப் பற்றி எழுதாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. அவருக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. எந்த முதலாளி போன் செய்தாலும், "வந்துக்கிட்டே இருக்கோம்ண்ணே, முந்தல் அடிவாரம் தாண்டியாச்சு, வளைவு ஏறிக்கிட்டு இருக்கோம்" என்பார். அப்போது அவர் போடியில் வடை தின்றுகொண்டிருப்பார். ஒருமுறை அந்த முதலாளியே பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் திகைக்கவில்லை. "அட, நீங்க கீழ வந்துட்டீங்களா! நல்லவேளை, நாங்க வீணா மேல போயிருப்போம்" என்று அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார்.

ஆனால் பாய்லர் முன்னால் நின்றுவிட்டால் அவர் வேறு ஆள். பேச்சு நின்றுவிடும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். முதலில் சாம்பலை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு சின்னச் சுத்தியலால் தகட்டை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். கணீரென்றால் நல்ல இரும்பு. பொத்தென்றால் உள்ளே அரித்துவிட்டது. பொத்தென்ற இடத்தில் மட்டும் நின்று, "ம்ஹூம்" என்பார். அந்த 'ம்ஹூம்' கேட்டால் முதலாளிகளுக்கு வியர்த்துவிடும்.

பாய்லரை இரண்டு எதிரிகள் தின்பார்கள். ஒன்று நெருப்புப் பக்கம் இருக்கிறது. ஈர விறகை வைத்தால் புகை கருப்புப் பிசினாகத் தகட்டில் ஒட்டும். அதில் புளிப்பு உண்டு, அது இரும்பைத் தின்னும். சீசன் முடிந்ததும் சாம்பலை அள்ளாமல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் சாம்பல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் அடுப்பை அணைத்த கையோடு சாம்பலைச் சுரண்டி எடுத்து, தகட்டைத் துடைத்து எண்ணெய் பூசி, புகைக்குழாயை மூடிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

இன்னொரு எதிரி தண்ணீர்ப் பக்கம். புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். சூடானதும் அந்தக் காற்று இரும்பைப் பிடித்துத் துருவாக்கும். பழைய தண்ணீரென்றால் காற்றெல்லாம் ஏற்கெனவே வெளியேறியிருக்கும், அது சாது. அதோடு துரு பிடிக்காத மருந்தையும் அளவாக ஊற்றிவிட்டால், ஒரே தண்ணீர் வருஷக்கணக்கில் சுற்றும். தகடு கணீரென்றே இருக்கும்.

தனபாலன் முதலாளியின் ஸ்டோரில் மட்டும் இது நடக்கவில்லை.

அவர் போடிக்காரர், எஸ்டேட் பூப்பாறைப் பக்கம். காய் எடுப்பு நேரத்தில் மட்டும் மேலே வந்து ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் தங்குவார். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. மலைச் சேற்றில் எல்லோரும் முழங்கால்வரை மண்ணோடு நிற்க, அவர் மட்டும் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்போல நிற்பார்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் சின்னமணி அண்ணன். ராசிங்காபுரத்துக்காரர். மனைவி பஞ்சவர்ணத்தோடு எஸ்டேட் வீட்டிலேயே இருந்தார். மகள் கீழே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விறகைக் கையில் எடுத்ததும் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். சாம்பல் அள்ளுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பாய்லர் இரண்டு சீசனாகப் பொத்துப்போய்க்கொண்டே இருந்தது. அதுவும் தண்ணீர்ப் பக்கமிருந்து.

இரண்டு முறை ஓட்டை அடைத்தோம். இரண்டு முறையும் மருந்து ஊற்றினோம். மாதாமாதம் ஊற்றச் சொல்லிச் சின்னமணி அண்ணனிடமும் மருந்து கேன் கொடுத்துவிட்டு வந்தோம். ஒவ்வொரு முறை நான் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டுப் பார்க்கும்போதும் அது நிறம் மாறாமல் சும்மா இருந்தது. அதாவது மருந்து இல்லை. ஓடைத் தண்ணீர்போலச் சுத்தமான பச்சைத் தண்ணீர்.

கசிந்து போயிருக்குமோ என்று பார்த்தோம். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் செய்தித்தாளை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை. மண்ணுக்கடியில் ஸ்டோருக்குப் போகும் குழாயைத் தோண்டிப் பார்த்தோம். மண் உலர்ந்து கிடந்தது. எல்லாவற்றையும்விட, பாய்லர் தலைமேல் இருக்கும் தொட்டியில் தண்ணீர் மட்டம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"தண்ணி கொறையுதாண்ணே?" என்று சின்னமணி அண்ணனிடம் ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

"ஒரு விரக்கடை கொறையல ஆத்தா. வேணும்னா ஏறிப் பாரு" என்பார். ஏறிப் பார்ப்பேன். குறைந்திருக்காது.

மூன்றாவது ஓட்டை விழுந்தபோது காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. என் மூத்தவள் அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். அவளைச் சிலமலையில் எங்கள் வீட்டில் அத்தையிடம், என் மாமியாரிடம், விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஜீப்பில் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பால் பாட்டிலைக் கொதிக்க வைத்தேனா? கதவுக்கு முட்டுக் கொடுத்தேனா? குளிக்க ஊற்றும் தண்ணீரை அத்தை முழங்கையால் தொட்டுப் பார்ப்பாரா? கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். வரும்போதெல்லாம் போன் செய்வேன்.

"ஏய் ஜோதி, மூணு பிள்ளைய வளத்து ஆளாக்கி, அதுல ஒண்ண ஒனக்குக் கட்டியும் குடுத்திருக்கேன். பேசாம ஓஞ் சோலியப் பாரு" என்று அத்தை போனை வைத்துவிடுவார். நான் மறுபடி கூப்பிடுவேன்.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் வாசலில் பச்சைக்காய் மூட்டைகள் குவிந்து கிடந்தன. தனபாலன் முதலாளி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அடுப்பை அணைத்து ஆறவைத்திருந்தார்கள். ஈரத்தை வைத்து ஓட்டை இருக்கும் பக்கம் தெரிந்தது. எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. நான் அடுப்பு வாய்க்குள் நுழைந்து, தகட்டைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்தேன். சுண்ணாம்புப் பொடி கொண்டுவர மறந்திருந்தேன். பைக்குள் கையை விட்டபோது கிடைத்தது என் மகளின் பவுடர் டப்பா. தகடு முழுக்கப் பூசினேன்.

"என்ன ஆத்தா, பாய்லருக்கு மேக்கப்பா?" என்று வெளியிலிருந்து கருப்பையா அண்ணன் கேட்டார்.

"அப்பிடியே ஒரு பொட்டும் வச்சிருங்க" என்றார் முதலாளி எரிச்சலோடு.

பொட்டு தானாகவே விழுந்தது. வெள்ளைப் பவுடரில் குண்டூசித் தலையளவுக்கு ஒரு ஈரப் புள்ளி மெல்ல விரிந்தது.

புள்ளி தெரிந்ததும் அதன்மேல் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றிலும் தகடு காகிதமாக இருக்கும்; சூடு பட்டதும் ஓட்டை பெரிதாகும். முதலில் தண்ணீரை ஓட்டைக்குக் கீழே இறங்கும்வரை வடிக்க வேண்டும். மேலே மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். அடைத்து வைத்தால் வெல்டிங் சூட்டில் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், கணீரென்ற சத்தம் வரும் எல்லைவரை சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோட்டுக்குள் இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு. மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும்; கூர்மையான மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். வெல்டிங்கையும் ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று வைத்தால் தகடு முறுக்காது. அண்ணன் இதையெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வார். முடிந்ததும் தண்ணீர் நிரப்பி மறுபடி பவுடர் பூசினோம். பொட்டு விழவில்லை.

அப்போதுதான் முதலாளி என்னைக் கேட்டார்.

"இன்ஜினியரம்மா, நீங்க வந்ததும் தண்ணியச் சோதிச்சீங்கள்ல. மருந்து இருந்துச்சா, இல்லையா?"

நான் சின்னமணி அண்ணனைப் பார்த்தேன். அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்; கை நின்றுவிட்டது.

"இல்லைங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? சொட்டு விட்டேன், நிறம் மாறவில்லை.

"கேட்டியாடா? மாசாமாசம் ஊத்துறேன்னு சொன்ன. தண்ணியும் கொறையல, ஒழுகவும் இல்ல. அப்ப மருந்து எங்கிட்டுப் போச்சு? கீழ கொண்டுபோயி வித்துட்டியா?"

"எம் பிள்ளை மேல சத்தியமா ஊத்துனேன் மொதலாளி."

"சத்தியத்த வச்சு நான் காய் காயப்போட முடியாது. கணக்க முடிச்சுத் தர்றேன், வீட்டக் காலி பண்ணிட்டு எறங்கிக்க."

பஞ்சவர்ணம் அக்கா வாசலில் வந்து நின்றார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கணவர் பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். வேலையும் வீடும் ஒன்றாகப் போனால் அவர்கள் ராசிங்காபுரத்தில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள், மகள் படிப்பு என்ன ஆகும்? என் வாயிலிருந்து வந்த ஒரு 'இல்லைங்க'தான் அவர்களை வெளியேற்றுகிறது. பொய்யும் சொல்ல முடியவில்லை. சொன்ன உண்மையும் எனக்கே உண்மையாகத் தோன்றவில்லை.

"சார், நாளைக்கு வரைக்கும் பொறுங்க. இந்தத் தடவை மருந்த நானே ஊத்துறேன். நாளைக்குக் காலையில நானே வந்து பாக்குறேன். தண்ணியில மருந்து இருந்தா, அண்ணன் ஊத்தலன்னு அர்த்தம். நான் ஊத்துனதும் காணாமப் போயிருந்தா, அது அவரு தப்பில்ல."

கருப்பையா அண்ணன் என் காதருகே வந்து, "நாளைக்கு நாம மேகமலையில இருக்கணும்னு சொல்லியிருக்கேனே" என்றார்.

"அவங்ககிட்ட வளைவு ஏறிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

முதலாளி ஒரு நாள் பொறுத்தார். அந்த முறை அண்ணன் வேறு வகை மருந்து வாங்கி வைத்திருந்தார். முந்தைய மருந்துக்கு நிறம் கிடையாது. இது நாவல் பழச் சாறு மாதிரி ஊதா. நிறத்தைப் பார்த்தே இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்று கடைக்காரர் கொடுத்தாராம். எல்லோர் முன்னாலும் ஏறி நின்று ஊற்றினேன். அடுப்பு மூட்டினார்கள். வழக்கம்போலக் கடைசி ஜீப்பைப் பிடிக்க மாலைக்கு முன்பே இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் குளிப்பாட்டப் போனேன். எங்கள் வீட்டில் விறகடுப்பில் ஒரு பெரிய செம்புப் பானையில் எப்போதும் வெந்நீர் கிடக்கும். இரண்டு செம்பு மொண்டு எடுத்தேன். மனம் முழுக்கச் சின்னமணி அண்ணன். பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"வெந்நி எடுத்தவ பச்சத் தண்ணி ஊத்தாமப் போறாளே! அடுத்து குளிக்கிறவுக என்ன, அடிப்பானையச் சொரண்டுறதா? இம்புட்டுப் படிச்சும் இது தெரியலயே!"

"ஊத்துறேன் அத்தை" என்று இரண்டு செம்பு பச்சைத் தண்ணீரைப் பானையில் ஊற்றினேன். மட்டம் பழைய இடத்துக்கு வந்து நின்றது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். எடுத்தது யாருக்கும் தெரியாது. பானை நிறைந்தே இருக்கும். ஆனால் ஊர் முழுக்கக் குளித்து முடித்தால், காலையில் இருந்த தண்ணீரில் ஒரு சொட்டாவது அதில் மிஞ்சுமா?

மலைக்குளிரில், பக்கத்திலேயே நாள் முழுக்கக் கொதிக்கிற ஒரு பாய்லர். சேற்றிலிருந்து ஏறி வரும் அத்தனை பேர். நாங்கள் ஒருநாளாவது மாலை வரை அங்கே இருந்திருக்கிறோமா?

பிறகு என் வழக்கப்படி சந்தேகமும் வந்தது. அப்படி இருந்தால் யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா? நான் கேட்டேனே! நினைத்துப் பார்த்தேன். தண்ணி கொறையுதா என்று கேட்டேன். ஒழுகுதா என்று கேட்டேன். குளிக்கிறீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த நினைப்பு வந்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். அந்த மருந்து உடம்பில் படக் கூடாதது, வாயில் படவே கூடாதது. கேனில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அங்கே குழந்தைகள் இருக்கின்றன.

அங்கே யாருக்குப் போன் போட்டும் இணைப்புக் கிடைக்கவில்லை. விடிந்ததும் முதல் ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களோடு இடித்துக்கொண்டு ஏறினேன். கருப்பையா அண்ணனும் வந்தார், பாதித் தூக்கத்தில்.

ஸ்டோர் வளைவில் திரும்பியதும் எல்லாம் துணிக்கொடியிலேயே எழுதியிருந்தது. வரிசையாகக் கம்பளிகள், துண்டுகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகள். வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் இளம் ஊதா.

எனக்கு முன்னால் தனபாலன் முதலாளி வந்து நின்றார். கையில் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஊதா. வேட்டியும் ஊதா.

"எவ சேலையோட சேத்து இத அலசுனது? பஞ்சவர்ணம்! இத உடுத்திக்கிட்டு நான் எப்பிடிப் போடிக்குப் போறது?"

பஞ்சவர்ணம் அக்கா சற்றும் பதறவில்லை. "சேலையோட போடல மொதலாளி. நேத்து மருந்து ஊத்துன நாளுல்ல? மருந்து ஊத்துனா தண்ணி வழவழன்னு இருக்கும், அழுக்கு அப்பிடிப் போகும். அன்னிக்குத்தான் கம்பளியெல்லாம் அலசுவோம். நேத்து ஊதாவா இருந்துச்சா, சரி, இந்தத் தடவ கொஞ்சம் நீலமும் கலந்து குடுத்திருக்காக, வெள்ளத் துணி பளிச்சுன்னு வரும்னு ஒங்க துணியத்தான் மொதல்ல போட்டேன்."

கருப்பையா அண்ணனுக்குத் தூக்கம் முழுக்கக் கலைந்துவிட்டது.

"பாய்லர்லயா எடுத்தீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"பின்ன எங்கிட்டு? சாயங்காலம் எல்லாரும் கீழ் கொழாயில பிடிச்சுத்தான குளிக்கிறது. ஒங்க ரூமுக்கு வர்ற ரெண்டு வாளியும் அதான்."

"எனக்கா? நான் அடுப்படியில காச்சுறதுன்னுல்ல நெனச்சேன்!"

சின்னமணி அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆனா யாரும் சும்மா எடுக்கல மொதலாளி. ஒரு வாளி வெந்நி எடுத்தா, ஒரு வாளி பச்சத் தண்ணிய மேல ஊத்திரணும். அதுல நான் கறாரு. ஊத்தாதவனுக்கு மறுநா வெந்நி கெடையாது. அதான் மட்டம் கொறையவே இல்ல."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அவருடைய அந்த நேர்மைதான் நாள்தோறும் புதுக் காற்றை வாளி வாளியாகப் பாய்லருக்குள் ஊற்றியிருக்கிறது என்று எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து முதலாளியின் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நேற்று நாவல் பழமாக ஊற்றியது, ஒரே மாலையில் துண்டைவிட வெளுத்துப்போயிருந்தது.

"சார், நேத்து மருந்து ஊத்துனது நானு. பாதிக்குமேல போயிருச்சு. அண்ணன் ஊத்துனதும் இப்பிடித்தான் போயிருக்கும்."

முதலாளி துண்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், சின்னமணியைப் பார்த்தார். "அப்ப ரெண்டு வருசமா நான் வாங்கிக் குடுத்த மருந்துல நானேதான் குளிச்சுக்கிட்டு இருந்தேனா?" என்றார்.

"ஒடம்புல துரு பிடிக்காதுண்ணே" என்றார் கருப்பையா அண்ணன். அவர் சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லும் ஒரே உண்மை இப்படித்தான் இருக்கும். நல்லவேளை, முதலில் சிரித்தது முதலாளிதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சவர்ணம் அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா, கைப்பிள்ளைகளையும் இதுலதான் குளிப்பாட்டுவீங்களா? யாராச்சும் குடிப்பீங்களா?"

"துரு வாடையடிக்கிற தண்ணிய எவளாச்சும் பிள்ளைக்கு ஊத்துவாளா? பிள்ளைகளுக்குத் தனியா காச்சுறதுதான். குடிக்கிறது ஓடத் தண்ணி. நீ என்ன, அழுதுருவ போலருக்கே?"

அழவில்லை என்றேன். ஆனாலும் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் தோலைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒருவர் உடம்பிலும் ஒன்றுமில்லை. மருந்து நிற்காமல் கரைந்து போனது பாய்லருக்குக் கெடுதலாகவும் அவர்களுக்கு நல்லதாகவும் இருந்திருக்கிறது.

ஆனால் வெந்நீர் வேண்டாம் என்று யாருக்குச் சொல்ல முடியும்? அந்தக் குளிரில், நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்தவர்களுக்கு? பூட்டுப் போடலாம் என்றார் கருப்பையா அண்ணன். பூட்டை உடைப்பார்கள், உடைக்கவும் வேண்டும் என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை. சொன்னது வேறு. ஒரு பெரிய டிரம். அதற்குள் வளையம் வளையமாக ஒரு குழாய். பாய்லர் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் ஓடித் திரும்பிவிடும். டிரம்மில் மேல் ஓடையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் தானாக வந்து நிறையும். சூடு மட்டும் குழாயிலிருந்து டிரம்முக்கு மாறும், தண்ணீரோடு தண்ணீர் தொடாது.

"குளிக்கிறதுக்குப் போயி இம்புட்டு ஏற்பாடா?" என்று முதலாளி இழுத்தார்.

"ஒங்க ரெண்டு வாளியும் அதுலதான் வரணும் சார்" என்றேன்.

டிரம் அந்த வாரமே வந்தது. பாய்லரின் கீழ்க் குழாயிலிருந்து திருகுப்பிடியைக் கழற்றிச் சின்னமணி அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். வீட்டைக் காலி செய்கிற பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. மருந்து உடம்பில் படக் கூடாது என்று தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். எழுத்துப்பிழை இருக்குமோ என்று ஜீப்பை நிறுத்தி இறங்கி ஒருமுறை வாசித்துவிட்டு வந்தேன்.

அடுத்த சீசன் நடுவில் சோதனைக்குப் போனேன். இந்த முறை வேண்டுமென்றே மாலை வரை இருந்தேன். பாய்லர் தண்ணீர் பாட்டிலில் நாவல் பழமாக நின்றது. சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டினேன், கணீரென்றே வந்தது. இருந்தாலும் மறுபடி கீழிருந்து மேலாகவும் தட்டிப் பார்த்தேன்.

டிரம்முக்கு முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வாளி. ஒன்று காலி, ஒன்றில் பச்சைத் தண்ணீர். டிரம் தானாக நிறைகிறதே, எதற்குப் பச்சைத் தண்ணீர் என்று பஞ்சவர்ணம் அக்காவைக் கேட்டேன்.

"அதுக்கென்ன செய்ய? ஒண்ணும் ஊத்தாம எடுத்துட்டுப் போக மனசு வருமா?" என்று, கொண்டுவந்ததை டிரம் பக்கத்தில் நின்ற செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வெந்நீரைப் பிடித்துக்கொண்டு போனார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். அந்த எஸ்டேட்டிலேயே செழிப்பாக இருந்தது அந்தச் செடிதான்.

வரிசையில் கடைசியாகத் தனபாலன் முதலாளி வந்தார். தோளில் அதே ஊதாத் துண்டு. எத்தனை முறை வெளுத்தும் போகவில்லையாம். வாளியை நேராக டிரம் குழாய்க்குக் கீழே வைத்தார்.

சின்னமணி அண்ணன் அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மொதலாளி, செடிக்கு ஊத்திட்டுப் பிடிங்க" என்றார்.

முதலாளி வாளியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் எடுக்க ஓடைப்பக்கம் இறங்கிப் போனார்.